ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதைத் திட்டாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றியது. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். குறிப்பாகப் பெண்கள் வாசியுங்கள்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. வயரிங் வேலை செய்பவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒரு மரப் பலகையில் மெயின் சுவிட்ச், ட்ரிப் சுவிட்ச், எம்.சி.பி., ஹோல்டர், ப்ளக் எல்லாம் பூட்டி வைத்திருந்தார். ஒவ்வொருவரும் அதைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்க்ரூ ட்ரைவர் பிடித்த அந்த இரண்டு வாரமும் எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டிலாவது கரண்ட் நின்றால், "டீச்சர், ஒருக்கா வந்து பாருங்களேன்" என்று கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

கூப்பிடுவது பெரும்பாலும் பெண்கள். அதில் புதுமை இல்லை. எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. உம்மாவும் வாப்பாவும் பாடுபட்டுக் கட்டி மகள் பேரில் எழுதிக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். பிறகு பல வீடுகளில் அவர் கட்டாருக்கோ சவூதிக்கோ போய்விடுகிறார். வீட்டின் உறுதி பெண்ணின் பேரில், இரவும் பகலும் வீட்டில் இருப்பவள் பெண், கிணற்றடியில் பம்பைப் போடுபவள் பெண். ஆனால் அந்தச் சுவர்ப் பெட்டி மட்டும் "ஆம்பிளைகள் பார்க்கிற வேலை" என்று விடப்பட்டிருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மின்சார மீட்டர் வெளியே இருக்கும். அதில் முத்திரை இருக்கும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் வருகிற பெட்டியில் மூன்று சாமான்களை நீங்கள் அடையாளம் கண்டால் போதும்.

முதலாவது மெயின் சுவிட்ச். முழு வீட்டுக்கும் கரண்டை வெட்டவும் கொடுக்கவும் உள்ளது. அது தானாக விழாது.

இரண்டாவது, டெஸ்ட் பட்டன் உள்ள அகலமான சுவிட்ச். இதைத்தான் நாங்கள் ட்ரிப் சுவிட்ச் என்கிறோம். முறையான பெயர் ஆர்.சி.சி.பி. வீடுகளில் இருப்பதில் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கும்.

மூன்றாவது, வரிசையாக நிற்கிற ஒடுக்கமான சுவிட்ச்கள். அவைதான் எம்.சி.பி. லைட்டுக்கு 6 அம்பியர், ப்ளக்குகளுக்கு 16 அல்லது 20, குக்கர் போன்ற பெரிய சாமானுக்கு 32 என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து "ட்ரிப் விழுந்திட்டு" என்று சொல்கிறோம். ஆனால் எது விழுந்தது என்பதில்தான் முழு விளக்கமும் இருக்கிறது.

எம்.சி.பி. விழுந்தால், அந்த வயரில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் போயிருக்கிறது. இரண்டு விதமாக அது நடக்கும். லைவும் நியூட்ரலும் நேரே முட்டிக்கொண்டால் மின்னோட்டம் ஒரே கணத்தில் ஏறும். உள்ளே இருக்கிற காந்தச் சுருள் அதை உடனே இழுத்து விழுத்தும். இது குறுஞ்சுற்று. மற்றது மிகைச் சுமை. உள்ளே இரண்டு உலோகத்தால் செய்த ஒரு தகடு இருக்கிறது. அது சூடாகிச் சூடாகி வளைந்து சுவிட்சை விழுத்தும். அதனால் அதற்கு நேரம் எடுக்கும்.

பெருநாளைக்கு முந்திய இரவை நினைத்துப் பாருங்கள். 2000 வொட் ஒவனில் கேக் வேகிறது: 8.7 அம்பியர். எரிவாயு வரிசையில் நின்று களைத்த 2022ஆம் ஆண்டில் வாங்கிய ஹொட் ப்ளேட் இன்னொரு 2000 வொட்: இன்னுமொரு 8.7. பிள்ளைகளின் உடுப்புக்கு 1000 வொட் அயன்: 4.3. கூட்டினால் 21.7 அம்பியர். எல்லாம் ஒரே 16 அம்பியர் எம்.சி.பி.யில் ஓடுகிறது. அது உடனே விழாது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பிறகு விழும். "இவ்வளவு நேரமும் நல்லாத்தானே இருந்தது, சுவிட்ச் பழுதாப் போச்சு" என்று நாங்கள் சொல்வது இந்த இடத்தில்தான். சுவிட்ச் பழுதாகவில்லை. சுவருக்குள் இருக்கிற வயர் வேகாமல் காப்பாற்றிவிட்டது. ஒரு சாமானை நிறுத்திவிட்டு, சில நிமிடம் ஆறவிட்டு, நெம்பைக் கீழே முழுதாக அமத்திய பிறகு மேலே தூக்கினால் நிற்கும்.

ட்ரிப் சுவிட்சின் கதை வேறு. லைவில் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். அது இந்தக் கணக்கை மட்டும்தான் பார்க்கிறது. கணக்குக் குறைந்தால், குறைந்தது எங்கேயோ கசிகிறது. ஈரச் சுவர் வழியாக இருக்கலாம், மோட்டரின் உடம்பு வழியாக இருக்கலாம், ஒரு மனிதனின் உடம்பு வழியாகவும் இருக்கலாம். வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டுவதற்குள் அது விழ வேண்டும்.

30 மில்லி அம்பியர் எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு 9 வொட் எல்.ஈ.டி. பல்ப் எடுப்பதே 40 மில்லி அம்பியருக்குக் குறையாது. ஒரு மனிதனின் உயிரை எடுக்க அந்தப் பல்ப் எரிகிற அளவு கரண்ட் போதும். 16 அம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. ஆகவே "எம்.சி.பி. இருக்குத்தானே" என்ற பேச்சு மனிதரைக் காப்பாற்றாது. எம்.சி.பி. வயரைக் காக்கும். ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச்.

ஒரு வீட்டில் பார்த்தது

பெயர், இடம் எதுவும் சொல்ல மாட்டேன். எனக்குச் சொந்த ராத்தா போன்ற ஒருவர். மச்சான் வெளிநாட்டில். மூன்று பிள்ளைகள். மஃரிபுக்குப் பிறகு ஒரு நாள் வேறு விசயமாகப் போயிருந்தேன். கதையோடு கதையாகச் சொன்னார்:

"தங்கச்சி, பம்ப்ல கை பட்டா ஒரு மாதிரி விறுவிறுங்குது. ஈரத்தில நிண்டா கூட."

"ட்ரிப் சுவிட்ச் விழல்லையா ராத்தா?"

"முந்தி ஒவ்வொரு நாளும் விழுந்த. பம்ப்பப் போட்டாலே விழும். ஒரு ஆளக் கூப்பிட்டுக் காட்டின. இது பழுது, கழட்டிட்டு நேராக் குடுத்திருக்கன், இனி விழாது எண்டாரு. மெய்தான், அதுக்குப் பொறகு விழல்ல."

எனக்கு வயிற்றைப் புரட்டியது. பெட்டியின் மூடி ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ட்ரிப் சுவிட்ச் அதன் இடத்தில் அழகாக இருந்தது. ஆனால் அதற்குள் போக வேண்டிய வயர்களை வெளியே எடுத்து, வெளியே போகிற வயர்களோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். சுவிட்ச் வெறும் அலங்காரம்.

மெயினை இறக்கினேன். வீடு இருண்டது. சின்னவன் அழத் தொடங்கினான்.

ராத்தா மச்சானுக்குக் கோல் எடுத்தார். மச்சான் என்னோடு கதைத்தார். கோபம் இல்லை, தவிப்புத்தான். "தங்கச்சி, பிள்ளையள் இந்த வெக்கையில இருட்டுக்குள்ள கிடக்கிறாங்க. பம்ப்ப வேணாம், ஃபேனையும் லைட்டையுமாவது போட்டு விடுங்க. நாளைக்கு ஆள் விடுறன்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் கசிவு பம்பில் மட்டும்தானா, வயரிலுமா என்று அந்த இருட்டில் எனக்குத் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளை வெறுங்காலோடு கிணற்றடிக்கும் குசினிக்கும் ஓடித் திரிகிற வீடு அது. "மச்சான், இண்டைக்கு ராவைக்கு எல்லாரும் எங்கட வீட்டில படுக்கட்டும். மெயினை நான் ஏத்த மாட்டன்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "சரி" என்றார். பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அடுத்த நாள் காலை நான் படிப்பித்த ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்து இப்போது வயரிங் வேலை செய்கிறார். அவர் செய்த முறையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் போல் இருந்தது. ஒன்றையும் ஊகிக்கவில்லை. ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி, மெகர் மீட்டரால் அளந்தார். லைட் சுற்று நல்லம். ப்ளக் சுற்று நல்லம். பம்பின் சுருளுக்கும் உடம்புக்கும் இடையில் இருக்க வேண்டிய காப்பு இல்லாமல் போயிருந்தது, உள்ளே ஈரம். எர்த் கம்பியைப் பார்க்கப் போனார். கிணற்றடி மண்ணுக்குள் அடித்த கம்பியில் பூட்டியிருந்த வயர் உப்புக் காற்றில் பச்சை பூத்து, இழுத்தவுடன் கையோடு வந்தது.

கடைசியில் முறுக்கிய வயர்களைப் பிரித்துப் பழைய ட்ரிப் சுவிட்சைத் திரும்பப் பூட்டி, பம்ப் இல்லாமல் மெயினை ஏற்றினார். சுவிட்ச் நின்றது. டெஸ்ட் பட்டனை அமத்தினார். டக்கென்று விழுந்தது.

"டீச்சர், இந்த வீட்டில பழுதில்லாம இருந்தது இது ஒண்டுதான்" என்றார்.

பழுது என்று கழற்றப்பட்டது அதுதான்.

எர்த் இருந்தால் போதாதா?

இதைப் பலரும் கேட்கிறார்கள். எங்கள் வீடுகளில் எர்த் என்பது எங்கள் வளவு மண்ணில் நாங்களே அடிக்கிற ஒரு கம்பி. மணல் நிலம், கோடையில் காய்ந்துவிடும். அந்த மண்ணின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ற்றை 50ஆல் வகுத்தால் 4.6 அம்பியர். பம்பின் உடம்பில் லைவ் முழுதாக முட்டினாலும் மண்ணுக்குள் போவது அவ்வளவுதான். 16 அம்பியர் எம்.சி.பி.க்கு 4.6 என்பது ஓர் அயன் ஓடுகிற மாதிரி. அது பாட்டுக்கு நிற்கும். உடம்பு லைவாகவே இருக்கும். அதே 4.6 அம்பியரை ட்ரிப் சுவிட்ச் பார்த்தால் கண் மூடித் திறக்க முதல் விழுத்திவிடும்.

மறுபக்கம், எர்த் இல்லாமல் ட்ரிப் சுவிட்ச் மட்டும் இருந்தால், கசிகிற பம்ப் யாராவது தொடும் வரைக்கும் காத்திருக்கும். தொட்டவுடன் விழும்; ஆனால் அதற்கு ஓர் ஆள் தொட வேண்டியிருக்கிறது. இரண்டும் வேண்டும்.

விழுந்தால் என்ன செய்வது?

மூடியைக் கழற்றாமல், ஒரு வயரையும் தொடாமல், எந்தப் பெண்ணும் செய்யக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும்.

1. முதலில் வெளியே பாருங்கள். பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லையா? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாடும் இருண்டபோது, எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ பேர் தங்கள் பெட்டியைத்தான் போய்ப் பார்த்தார்கள்.

2. உங்கள் வீட்டில் மட்டும்தான் என்றால், எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். எம்.சி.பி.யா, ட்ரிப் சுவிட்சா? ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வருகிற ஆளுக்கு அது உதவும்.

3. விழுந்தது ட்ரிப் சுவிட்ச் என்றால், எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்குங்கள். பிறகு ட்ரிப் சுவிட்சை ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் பிரச்சினை.

4. அந்தச் சுற்றில் உள்ள எல்லாச் சாமான்களின் ப்ளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்துவது போதாது, கழற்றவே வேண்டும். திரும்ப ஏற்றுங்கள். இப்போது நின்றால் வயரிங் பெரும்பாலும் நல்லம். சாமான்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கள்ளன் அகப்படுவான். எங்கள் பக்கம் வழக்கமான கள்ளர்கள்: தண்ணீர் பம்ப், வொஷிங் மெஷின், பழைய கேத்தல், ரைஸ் குக்கர், மழை நனைகிற கேட் லைட்.

5. எல்லாவற்றையும் கழற்றியும் விழுந்தால், வயரிலோ ப்ளக் பொயின்டிலோ கசிவு. ஓடு ஒழுகிச் சீலிங்குக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ப்ளக் பொயின்டுக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கலாம், பல்லி செத்துக் கிடக்கலாம். அந்த எம்.சி.பி.யை இறக்கியே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மற்றச் சுற்றுகளைப் பாவிக்கலாம்.

6. எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? உடனே அது பழுது என்று முடிவெடுக்காதீர்கள். வழக்கமான எம்.சி.பி. லைவை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் வயர் எங்காவது எர்த்தில் முட்டியிருந்தால் எம்.சி.பி. இறங்கியிருந்தாலும் ட்ரிப் விழலாம். இதை மீட்டர் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

7. புதிதாக ஒரு லைட்டோ ப்ளக்கோ இழுத்த நாளிலிருந்து விழத் தொடங்கினால், அந்த வேலையைச் செய்தவரிடமே கேளுங்கள். நியூட்ரலை ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் இருந்து எடுத்திருந்தால் கணக்கு ஒருநாளும் சரிவராது. லைட்டைப் போட்டவுடன் விழும்.

8. இடி மின்னல் நேரம் ஒருமுறை விழுந்து, ஏற்றியவுடன் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப விழுந்தால்தான் தேட வேண்டும்.

ஒரு முக்கியமான விசயம்: விழுந்ததைத் திரும்பத் திரும்பப் பலவந்தமாக ஏற்றாதீர்கள். நெம்பைக் கையால் பிடித்துக்கொண்டோ, குச்சி செருகியோ நிறுத்தவும் முயலாதீர்கள்.

சுவிட்சே பழுதாவது எப்போது?

பழுதாகும். அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் உம்மாவின் வீட்டில் ப்ளக் சுற்றின் எம்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. ஓடியது ஒரு ஃபிரிட்ஜும் டீவியும் மட்டும். இரண்டும் சேர்ந்து 3 அம்பியர் வராது. உம்மா சொன்னார், "மகள், அந்தப் பெட்டிப் பக்கம் பிளாஸ்ரிக் எரியிற மாதிரி மணக்குது." அந்த மூக்குத்தான் நோயைக் கண்டுபிடித்தது. மெயினை இறக்கி அதே தம்பியை வரச் சொன்னோம். மூடியைக் கழற்றிப் பார்த்தால், எம்.சி.பி.யின் அடிப்பக்கம் பழுப்பேறி இருந்தது. வயரைப் பிடிக்கிற ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடம் சூடாகி, சூடு உள்ளே இருக்கிற தகட்டை வளைத்திருக்கிறது. எரிந்த வயர் நுனியை வெட்டி, புதிய எம்.சி.பி. பூட்டி, ஸ்க்ரூவை இறுக்கினார். மற்ற ஸ்க்ரூக்களையும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தார். கரையோர வீடுகளில் உப்புக் காற்று இந்த ஸ்க்ரூக்களைத்தான் முதலில் தின்கிறது.

எம்.சி.பி. பழுது என்பதற்கு அடையாளங்கள் இவை: சுமை இல்லாமலே விழுவது, நெம்பு தளதளவென்று ஆடுவது, உடம்பு சுடுவது, நிறம் மாறுவது, உள்ளே இரைச்சல், எரிந்த மணம். வெளியே போகிற வயரைக் கழற்றிய பிறகும் அது நிற்காவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

ட்ரிப் சுவிட்ச் பழுது என்பதற்கு மிகப் பெரிய அடையாளம், விழாமல் இருப்பது. கரண்ட் இருக்கும்போது டெஸ்ட் பட்டனை அமத்தியும் விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும். அது சத்தமே போடாத பழுது. வருடக்கணக்காக அசையாமல் இருந்து உள்ளே இறுகிப்போன சுவிட்ச் வெளியே பார்க்கப் புதிது போல் இருக்கும். "எங்கட வீட்டில ஒரு நாளும் விழுந்ததே இல்ல" என்று பெருமையாகச் சொல்கிற வீடுகளில்தான் முதலில் அந்தப் பட்டனை அமத்த வேண்டும்.

எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பினேன்: உம்மாவையோ வாப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களைப் பட்டனை அமத்தச் சொல்லுங்கள், என்ன நடந்தது என்று எழுதி வாருங்கள். திங்கட்கிழமை சிலர் "விழுந்தது டீச்சர்" என்றார்கள். சிலர் "விழல்ல" என்றார்கள். ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்கட வீட்டில அப்படி ஒரு பட்டனே இல்ல" என்றது. அந்தப் பிள்ளையின் உம்மா அடுத்த நாள் பாடசாலைக்கே வந்து என்னிடம் விவரம் கேட்டுக்கொண்டு போனார்.

மாற்றும்போது

நீங்களே கழற்ற வேண்டாம். மெயினை இறக்கினாலும், மெயினுக்குள் வருகிற மேல் வயர்களில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். இது பலருக்குத் தெரியாது. தெரிந்த, பயிற்சி பெற்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள்.

எத்தனை அம்பியர் கழற்றினீர்கள், எத்தனை பூட்டுகிறீர்கள்? 16 இருந்த இடத்தில் 16தான். "அடிக்கடி விழுகுது, 32 போடுவம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுவிட்சின் அளவைத் தீர்மானிப்பது வயரின் தடிப்பு. லைட்டுக்கு இழுத்த 1/1.13 வயருக்கு 6 அம்பியர். தனியாக இழுத்த 7/0.67 ப்ளக் வயருக்கு 16 அல்லது 20. வட்டமாகச் சுற்றி வந்து பெட்டியிலேயே முடிகிற ரிங் சுற்றுக்குத்தான் 32. வயர் மெல்லியதாக இருக்கச் சுவிட்சைப் பெரிதாக்கினால், சுவிட்ச் விழாது. சீலிங்குக்கு மேலே வயர் வேகும். சுமை கூடிவிட்டது என்றால் புதிதாக ஒரு சுற்றை இழுக்க வேண்டும்.

வகையையும் கேளுங்கள். பி வகை எம்.சி.பி. அதன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். மோட்டர் கிளம்பும்போது ஒரு கணம் அதிகம் இழுக்கும் என்பதால் பம்புக்குச் சி வகை பொருந்தும்.

ட்ரிப் சுவிட்ச் என்றால் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். 100, 300 என்றும் கடைகளில் இருக்கின்றன. அவை நெருப்பைத் தடுக்க உதவும், ஆளைக் காக்கப் போதாது. ஐ.ஈ.சி. 61008 என்ற தரக் குறிப்பு அதில் இருக்க வேண்டும்; எம்.சி.பி.யில் 60898. மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத சாமானை வாங்காதீர்கள். நாங்கள் கையில் வைத்திருக்கிற ஃபோனின் விலையில் ஒரு பங்குதான் நல்லதொரு ட்ரிப் சுவிட்ச்.

வேலை முடிந்ததும் காசு கொடுக்க முதல் டெஸ்ட் பட்டனை நீங்களே அமத்துங்கள். விழுந்தால் கொடுங்கள்.

"நேராக் குடுத்து விடவா?" என்று யாராவது கேட்டால், அது ஒரு நாளைக்குத்தான் என்றாலும், பதில் ஒன்றுதான்: வேண்டாம். அந்த ஒரு நாள் எப்படி ஆறு மாதமாகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மாரி வருகிறது

எங்கள் பக்கம் கார்த்திகை, மார்கழி என்றால் வெள்ளம். 2024 நவம்பர் எல்லோருக்கும் நினைவிருக்கும். வளவுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால், அது ப்ளக் பொயின்டைத் தொட முதல் மெயினை இறக்கிவிடுங்கள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு பெட்டியைத் தொட வேண்டாம். அந்த நிலை வந்துவிட்டால் வெளியே வந்து மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு "காய்ஞ்சு போச்சு" என்று மெயினை ஏற்ற வேண்டாம். ப்ளக்குகளையும் எர்த்தையும் ஒருவர் பார்க்கட்டும். தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி.யையும் ட்ரிப் சுவிட்சையும் வெயிலில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கக் கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வுழூச் செய்கிற இடம் எப்போதும் ஈரம், எல்லோரும் வெறுங்கால். அங்கே ஓடுகிற பம்புக்கும் குளிர்நீர் மெஷினுக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா, எர்த் இருக்கிறதா என்று மாரிக்கு முதல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற சகோதரர்களுக்கு: இன்று இரவு வீட்டுக்குக் கோல் எடுக்கும்போது, வீடியோவில் அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். கரண்ட் நின்ற நேரத்தில் "எப்படியாவது போட்டு விடச் சொல்லு" என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஓரிரவு வெக்கை தாங்கும்.

சகோதரிகளுக்கு: வீடு உங்கள் பேரில் இருக்கிறது. அந்தப் பெட்டியும் உங்களுடையதுதான். நாளைக்குக் காலை வேலை முடிந்ததும், ஃபிரிட்ஜையும் கம்பியூட்டரையும் நிறுத்திவிட்டு, டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமத்துங்கள். விழுந்தால் அல்ஹம்துலில்லாஹ், திரும்ப ஏற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்; அடுத்த மாதமும் இதே போல் அமத்துங்கள். விழாவிட்டாலோ, பட்டனே இல்லாவிட்டாலோ, பட்டன் இருந்தும் வயர் அதற்குள் போகாமல் இருந்தாலோ, அன்றைக்கே ஒருவரைக் கூப்பிடுங்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள். அந்தத் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்.